பத்து இடம் எதற்கு?

கேள்வி: அரையாண்டு லீவில் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கடற்கரையோரமாகக் காரில் போகிறோம், மூன்று நாள். பிள்ளைகளுக்கு வயது 8, 12. கோட்டை, மியூசியம் என்றாலே ‘போர்’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அலுக்காத பத்து இடங்களைச் சொல்லுங்களேன்.
– வாசகி, திருச்சி

பதில்: மூன்று நாளில் பத்து இடம் என்றால் பிள்ளைகளே வேண்டாம், டிரைவர் போதும்.

அவர்கள் போர் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. மியூசியத்துக்குள் போனதும் நாம் என்ன செய்கிறோம்? “தொடாதே, ஓடாதே, அந்த போர்டைப் படி.” வெளியே வந்ததும், “எந்த நூற்றாண்டு, சொல்லு பார்க்கலாம்.” லீவிலும் பரீட்சை என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

மூன்று இடம் சொல்கிறேன். நாளுக்கு ஒன்று போதும், மிச்ச நேரம் கடலில் ஆடட்டும்.

முதல் நாள் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தென்னிந்தியாவின் பல ஊர்களில் இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, திரும்பவும் நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே போகலாம், திண்ணையில் உட்காரலாம், குயவரின் சக்கரத்தில் கையை வைத்துப் பார்க்கலாம். சின்னவர் அங்கிருந்து கிளம்ப மறுத்தால் என்னைத் திட்டாதீர்கள்.

அடுத்து மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசு என்கிற பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பல்லவர் வரலாற்றை ஆரம்பிக்காமல் ஒரு வேலை கொடுங்கள்: ‘இதில் ஒரு பூனை இருக்கிறது, கண்டுபிடி.’ பெரிய யானையின் பக்கம் தேடினால் அகப்படும். பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். இதே கோலத்தில் மேலே ஒரு மனிதர் ஒற்றைக்காலில் நிற்கிறார், விலா எலும்பை எண்ணிவிடலாம். பூனை அவரைத்தான் காப்பியடிக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அப்புறம் பெரியவரிடம் பாறை நடுவே உள்ள பிளவையும் அதில் இருக்கும் நாகங்களையும் காட்டுங்கள். தவம் செய்பவர் சிவனிடம் பாசுபத அஸ்திரம் கேட்கும் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவரும் பகீரதனா என்று அறிஞர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். 12 வயதுக்காரரும் ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ளட்டும். கடற்கரைக் கோயிலுக்கு டிக்கெட் உண்டு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

மூன்றாவது தரங்கம்பாடி. என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே கிளம்பலாம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. டென்மார்க் எங்கே, தரங்கம்பாடி எங்கே? மிளகு வாங்க வந்தவர்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் அந்த நாட்டு அரசருக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு ஊரையே விற்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி, பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

கோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் சீகன்பால்கு மியூசியம். 1706-இல் வந்த அந்த ஜெர்மானியப் பாதிரியார் இங்கே அச்சகம் வைத்துத் தமிழில் புத்தகம் போட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். செல்போனில் எழுத்தைப் பெரிசாக்கிச் சின்னதாக்கிப் பழகியவர்களுக்கு இதைச் சொன்னால் புரியும். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்கள்: 14-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கோயில், பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

‘பூம்புகாரை விட்டுவிட்டீர்களே’ என்பீர்கள். தெரிந்துதான் விட்டேன். கண்ணகி கதையைக் காரிலேயே சொல்லி முடித்தால் சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போங்கள். கதை தெரியாத பிள்ளைக்கு அங்கே சுவரில் இருப்பது வெறும் கல்.

கடைசியாக ஒன்று: தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. சென்னையிலேயே எழும்பூர் மியூசியத்தையும் பார்த்துவிடலாம் என்று ஆசை வந்தால், அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நல்ல நாள் என்று வெள்ளிக்கிழமை கிளம்பிப் பூட்டைப் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.