குவாண்டம் பின்னல்: சோதனை மேசையிலிருந்து கேள்வி பதில்

எம்.எஸ்சி. மாணவர்: கல்லூரி ஆய்வகத்தில் பெல் சோதனை செய்ய என்னென்ன வேண்டும் சார்?

பின்னல் என்றால், இரண்டு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) தனித்தனியே விவரிக்க முடியாதபடி அவற்றின் அளவீட்டு விடைகள் பிணைந்திருப்பது. அந்தப் பொருத்தம் முன்கூட்டியே எழுதிவைத்த விடைகளால் வருவதா என்று பார்ப்பதே பெல் சோதனை. 405 நானோமீட்டர் டையோடு லேசர், 20 முதல் 50 மில்லிவாட் வரை போதும். அதன் பாதையில், முனைவாக்கத்தை (ஒளி அதிரும் திசையை) திருப்பும் ஓர் அரை அலைத் தகடு, சாய்த்துத் திருப்பக்கூடிய ஒரு குவார்ட்ஸ் தகடு. அடுத்து அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிபிஓ (பேரியம் போரேட்) படிகங்கள், ஒன்றுக்கொன்று 90° திருப்பி ஒட்டியவை. லேசர் ஃபோட்டான் ஒன்று எப்போதாவது படிகத்துக்குள் உடைந்து 810 நானோமீட்டர் ஃபோட்டான்கள் இரண்டாகும். அவை நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்குச் சுமார் 3° விலகிப் பறக்கும். லேசரின் முனைவாக்கத்தை 45°இல் வைத்தால், ஜோடி முதல் படிகத்தில் பிறந்ததா இரண்டாவதில் பிறந்ததா என்று சொல்லவே முடியாது. பின்னல் அங்கேதான் பிறக்கிறது.

இருபக்கமும் அரை அலைத் தகடு, முனைவாக்கப் பிரிப்பான், 810க்கான வடிகட்டி, ஃபைபர், ஒற்றை ஃபோட்டான் டிடெக்டர். 20 மில்லிவாட் லேசரில் நொடிக்கு சுமார் 400 கோடி கோடி ஃபோட்டான்கள் பாயும். எண்ணக் கிடைக்கும் ஜோடிகளோ சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம். பணத்தை மிச்சப்படுத்த நினைத்தால் டிடெக்டரில் மட்டும் கைவைக்காதீர்கள்.

ஆய்வக உதவியாளர்: இரண்டு டிடெக்டரிலும் தனித்தனியே நொடிக்கு 10,000 வருகிறது. ஜோடி எண்ணிக்கை மட்டும் 2, 3 தான். ஏன்?

அந்த 2, 3 உண்மையான ஜோடியே இல்லை. உங்கள் நேரச் சாளரம் (இரு பதிவுகளை ஒரே ஜோடி என்று எண்ணும் இடைவெளி) 25 நானோநொடி என்றால், 10,000 × 10,000 × 25 நானோநொடி = 2.5. தற்செயலாக ஒன்றுசேர்ந்தவை அவ்வளவுதான். இரு கைகளும் (இரு பக்கத்து ஒளிப்பாதைகளும்) வெவ்வேறு ஜோடிகளின் பாதிகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

டிடெக்டர்களை அணைத்து ஃபைபரைக் கழற்றி, அதன் வழியே 810 நானோமீட்டர் லேசரைப் பின்னோக்கி அனுப்புங்கள். இரு பக்கத்துப் புள்ளிகளும் படிகத்தில், 405 நானோமீட்டர் லேசர் கடக்கும் அதே இடத்தில் விழ வேண்டும். பிறகு ஒரு கையை அசையாமல் வைத்து, மற்றதைக் கிடைமட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். கேபிள் நீளத்தையும் பாருங்கள்: ஒரு மீட்டர் வித்தியாசம் ஏறத்தாழ 5 நானோநொடி. சாளரத்தை 4 நானோநொடிக்குக் குறைத்திருந்தால் அதுவே ஜோடிகளை விழுங்கிவிடும். டிடெக்டர் ஓடும்போது யாரும் டியூப்லைட்டைப் போட்டுவிடக் கூடாது, டிடெக்டரே பழுதாகலாம்.

ஆராய்ச்சி மாணவி: 0°, 90° நிலைகளில் பொருத்தம் 97 சதவீதத்துக்கு மேல். ஆனால் எஸ் மதிப்பு 1.4ஐத் தாண்டவில்லையே?

எஸ் என்பது நான்கு கோண ஜோடிகளின் பொருத்தத்தைச் சேர்த்த எண்; விடைகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் அது 2ஐத் தாண்டாது. அந்த 1.4 என்ற எண்ணே நோயைச் சொல்லிவிடுகிறது. பாதி ஜோடிகள் கிடைமட்டம், பாதி செங்குத்து என்ற வெறும் கலவைக்கு, வழக்கமான கோணங்களில் கணக்குப்படி வர வேண்டியது 2இன் வர்க்கமூலம், அதாவது 1.41. உங்களிடம் இருப்பது கலவை; பின்னல் இல்லை. 0°இல் எவ்வளவு நல்ல பொருத்தம் கிடைத்தாலும் அதை வைத்துப் பின்னல் என்று சொல்லிவிடக் கூடாது. 45°இலும் பொருத்தம் இருந்தால்தான் பின்னல்.

ஒரு பக்கம் 45°, மறுபக்கம் −45° வைத்துவிட்டு, குவார்ட்ஸ் தகட்டை மெல்லச் சாய்த்தபடி ஜோடி எண்ணிக்கையைக் கவனியுங்கள். ஓரிடத்தில் அது நன்றாகச் சரிய வேண்டும், அங்கேயே பூட்டிவிடுங்கள். எந்தச் சாய்விலும் சரியவில்லை என்றால், ஜோடி எந்தப் படிகத்தில் பிறந்தது என்ற தகவல் எங்கோ கசிகிறது. லேசரின் நிறமாலை அகலமாக இருக்கலாம்; படிகம் தடிமனாக இருந்து இரு வாய்ப்புகளுக்கும் நேர இடைவெளி விழலாம்; அல்லது ஒளி நுழையும் துளை பெரிதாக இருந்து, வேறுவேறு கட்டமுள்ள (அலையின் ஏற்ற இறக்க நிலை மாறுபடும்) பல கோணங்களை ஒன்றாக அள்ளலாம். முதலில் துளையைச் சுருக்கிப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம் அது. அடுத்தது, லேசர் பாதையில் நேர ஈடுசெய்யும் படிகம்.

தெளிவு, அதாவது கோணத்தைத் திருப்பும்போது ஜோடி எண்ணிக்கை ஏறி இறங்கும் அளவு, எல்லா நிலைகளிலும் 71 சதவீதத்தைத் தாண்டினால் எஸ் 2ஐக் கடக்கும். 90 சதவீதம் வந்தால் 2.55.

கோணங்களையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு பக்கம் 0°, 45°, மறுபக்கம் 22.5°, 67.5°. அரை அலைத் தகட்டை இதில் பாதிதான் திருப்ப வேண்டும், 22.5°க்கு 11.25°. இதை மறந்ததால் வீணாகும் அளவீடுகள் நிறைய.

பள்ளி ஆசிரியர்: ஒரு ஜோடிச் செருப்பைப் பிரித்து இரண்டு ஊருக்கு அனுப்பினால், ஒன்றைப் பார்த்ததும் மற்றது தெரிந்துவிடும். இதில் என்ன அதிசயம் ஐயா?

0°இல் மட்டும் பார்த்தால் செருப்பு போதும். வரிசையாக 0°, 22.5°, 45°, 67.5° என்று நான்கு கோணங்களை எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு கோணங்களில் அளந்தால், ஜோடிகளில் 14.6 சதவீதம் முரண்படும். விடைகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், மூன்று படி தள்ளியிருக்கும் 0°க்கும் 67.5°க்கும் இடையே முரண் 43.9 சதவீதத்தை மீற முடியாது. குவாண்டம் கணக்கு சொல்வது 85.4 சதவீதம், சோதனைகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன. 1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் காட்டிய பாதை இதுதான். அமெரிக்காவின் பெர்க்லியில் 1972இலும், பிரான்சின் ஆர்சேயில் 1982இலும் அளந்தார்கள். பெரிய ஓட்டைகளை (மாற்று விளக்கத்துக்கு இடம் விடும் குறைகளை) ஒரே சோதனையில் சேர்த்து அடைத்தது 2015இல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில். நம் மேசைச் சோதனை அந்த ஓட்டைகளை அடைக்காது. ஆய்வேட்டில் அதை எழுதிவிட வேண்டும்.

இன்னொருவர்: அப்படியானால் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமா?

முடியாது. இந்தப் பக்கத்து முனைவாக்கியை எப்படித் திருப்பினாலும், அந்தப் பக்கத்துத் தனி எண்ணிக்கை மாறாது. மாறுவது ஜோடி எண்ணிக்கை மட்டும். அதைப் பார்க்க இரண்டு பட்டியல்களையும் ஓரிடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கல்லூரி ஆசிரியை: இந்தப் பாடத்தை ஆன்லைனில் நடத்துகிறேன். மாணவர் திருப்தி 5க்கு 4.2. பாடம் புரிந்துவிட்டது என்று ஆய்வில் எழுதலாமா?

எழுதாதீர்கள் மேடம். திருப்தி வேறு, புரிதல் வேறு. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019இல் வெளியான ஆய்வில், மாணவர்களே ஈடுபட்டுக் கற்ற வகுப்பில் அவர்கள் கற்றது அதிகம். ஆனால் குறைவாகக் கற்றதாகவே அவர்களுக்குத் தோன்றியது. பாடத்துக்கு முன்னும் பின்னும் ஒரே தரத்தில் தேர்வு வையுங்கள். "விளக்கமும் வீடியோவும் நன்றாக இருந்தன" போன்ற கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று பிடித்து மற்றது பிடிக்காதவர் எதை டிக் செய்வார்?

பயிற்சிக்கு ஐபிஎம்மின் இணையவழிக் குவாண்டம் கணினி நல்லது. முதல் கியூபிட்டில் (குவாண்டம் பிட்டில்) 0, 1 இரண்டும் சேர்ந்த நிலையை ஆக்கும் ஹடமார்ட் கேட், பிறகு இரு கியூபிட்களையும் பிணைக்கும் சிநாட் கேட். அளந்தால் 00, 11 இரண்டும் ஏறக்குறையப் பாதிப் பாதி வரும், கருவிப் பிழையால் கொஞ்சம் 01, 10 சேரும். அதோடு நிறுத்த விடாதீர்கள். அளப்பதற்கு முன் இரு கியூபிட்டிலும் ஹடமார்ட் சேர்த்து மீண்டும் ஓட்டச் சொல்லுங்கள். மறுபடி 00, 11 ஓங்கினால் பின்னல். நான்கும் சமமாக வந்தால் வெறும் கலவை. ஏன் என்று மாணவர் தம் சொற்களில் எழுதும் அந்த ஒரு பத்திக்கு மதிப்பெண் கொடுங்கள்.