எகிப்துக்குச் சுதந்திரம் கிடைத்தது 1922-லா, 1956-லா?

இரண்டும் சரிதான். 1882-ல் படையோடு நுழைந்த பிரிட்டன், 1914-ல் எகிப்தைத் தன் 'பாதுகாப்பு நாடு' என்று அறிவித்தது. அதாவது பெயருக்கு ஒரு சுல்தான் இருப்பார், முடிவெல்லாம் பிரிட்டனுடையது. விடுதலை கேட்ட எகிப்தியத் தலைவர் சாத் சக்லூலை 1919 மார்ச்சில் மால்டாவுக்கு நாடு கடத்தினார்கள், அவ்வளவுதான், மாணவர்கள், வக்கீல்கள், ரயில்வே தொழிலாளர்கள் எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள், கிராமத்து விவசாயிகள் தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்டார்கள், கெய்ரோவில் முகத்திரை அணிந்த பெண்கள்கூட ஊர்வலம் போனார்கள். அடக்கி மாளாமல் 1922 பிப்ரவரி 28 அன்று பிரிட்டன் ஒருதலைப்பட்சமாகச் சுதந்திரம் அறிவித்தது. ஆனால் பேரரசின் போக்குவரத்துப் பாதை (சூயஸ் கால்வாய்தான், வேறென்ன), நாட்டுப் பாதுகாப்பு, வெளிநாட்டார் நலன், சூடான் ஆகிய நான்கையும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுப் பத்திரத்தை உங்கள் பேரில் எழுதிவிட்டு, வாசல் சாவியைப் பழைய ஓனரே வைத்துக்கொண்ட மாதிரி. 1936-ல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகும் கால்வாய்ப் பகுதியில் பிரிட்டிஷ் படை இருந்தது. கடைசி சிப்பாய்கள் கிளம்பியது 1956 ஜூனில்.

அப்புறம், 1952 புரட்சியில் ராணுவ அதிகாரி நாசர் பிரிட்டிஷ்காரர்களை விரட்டினார் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று அவரும் மற்ற ராணுவ அதிகாரிகளும் பதவியிலிருந்து இறக்கியது சொந்த மன்னர் பாரூக்கை, பிரிட்டிஷ் படை போனது 1954-ல் பேசிப் போட்ட ஒப்பந்தத்தின்படி.