ஆள் எடுக்க வேண்டிய நேரம் எது?

கேள்வி: திருப்பூர் பனியன் நிறுவனங்களுக்கான உற்பத்தி மற்றும் கணக்கு மென்பொருளைச் செய்து தரும் சிறு நிறுவனத்தை நானும் என் நண்பரும் கோவையில் நடத்துகிறோம். பொறியாளர்கள் ஆறு பேர், வாடிக்கையாளர் அழைப்புகளைக் கவனிக்க ஒருவர், கணக்குக்கு ஒருவர் என மொத்தம் எட்டுப் பேர் எங்களிடம் வேலை செய்கிறார்கள். டையிங் (சாயமிடுதல்), பிரிண்டிங் என ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குச் செய்து தரும் வெளியிடங்களுக்குப் போய்த் திரும்பும் துணியின் எடையைக் கண்காணிக்கும் புதிய மாட்யூலை (மென்பொருளின் ஒரு பகுதியை) நான்கு மாதங்களில் முடித்துத் தரும்படி ஒரு பெரிய வாடிக்கையாளர் 10 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறார். பழைய வேலைகளே தேங்கிக் கிடக்கின்றன. மூத்த பொறியாளர்கள் இருவர் தினமும் இரவு பத்து மணி வரை அலுவலகத்தில் இருக்கிறார்கள். உடனே நான்கு பேரை எடுத்துவிடலாம் என்கிறார் நண்பர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எப்போது ஆள் எடுப்பது சரி?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தயக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். உங்களுக்கு ஆள் தேவைப்படலாம். ஆனால் இந்த நான்கு மாதக் கெடுவுக்காக எடுக்கப்படும் ஆள் இந்தக் கெடுவுக்கு உதவமாட்டார். அனுபவமுள்ள ஒருவரை இன்றைக்கே தேர்ந்தெடுத்தாலும், அவர் இப்போதிருக்கும் இடத்தில் 60 நாளோ 90 நாளோ நோட்டீஸ் காலத்தை முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வரமுடியும். வந்த பிறகு உங்கள் கோடு (மென்பொருள் நிரல்), உங்கள் டேட்டாபேஸ், திருப்பூரில் ஒரு லாட் துணி எந்தெந்தக் கைகளுக்குப் போய் வருகிறது என்பதெல்லாம் புரிய இன்னும் சில வாரங்கள் ஆகும். அதற்குள் கெடு வந்துவிடும்.

ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளுக்கான இயங்குதள உருவாக்கத்தை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமாகிவிட்ட மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதினார். புதியவர்களுக்குக் கற்றுத் தருபவர்கள், வேலையைச் செய்துகொண்டிருக்கும் அதே மூத்தவர்கள்தான் என்பதும், ஆட்கள் கூடக்கூட ஒருவருக்கொருவர் பேசி ஒத்துக்கொள்ள வேண்டியவை வேகமாகப் பெருகும் என்பதும் அவர் சொன்ன காரணங்கள். உங்கள் கணக்கையே பாருங்கள்: ஆறு பொறியாளர்களுக்குள் இருவர் இருவராகப் பேச 15 இணைகள் இருக்கின்றன, பத்துப் பேரானால் அது 45 ஆகிவிடும். ஆட்கள் இரண்டு மடங்குகூட ஆகாதபோது பேச்சு மூன்று மடங்காகிறது. அந்தச் சுமையில் பெரும்பகுதி இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருக்கும் அந்த இருவர் தலையில்தான் விழும்.

இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வருவதற்கு முன், நான் பொறுப்பில் இருந்த ஒரு நிறுவனத்தில் பில்லிங் மென்பொருளை மாற்றி எழுத அவசர அவசரமாக ஆறு பேரை எடுத்தோம். அவர்கள் திறமையானவர்கள். ஆனால் அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டியிருந்த வாரங்களில் எங்கள் மூத்தவர்கள் தங்கள் வேலையை நள்ளிரவில் செய்தார்கள். அடுத்த ஆண்டு அந்த வேலைப்பெருக்கு வடிந்தபோது, ஆறு பேரில் மூவரை வேறு வேலை தேடிக்கொள்ளும்படி சொல்ல வேண்டிவந்தது. அவர்களில் ஒருவர் எங்களை நம்பிச் சொந்த ஊரிலிருந்து குடும்பத்தையே அழைத்து வந்திருந்தார். அவரிடம் அதைச் சொன்ன மாலை நேரம் இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சரியான நேரத்தை எப்படி அறிவது என்று கேட்கிறீர்கள். கடந்த மூன்று மாத டிக்கெட்டுகளை (பதிவான வேலைக் கோரிக்கைகளை) எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் என்றைக்கு வந்தது, யார் என்றைக்குக் கையில் எடுத்தார்கள், என்றைக்கு முடிந்தது, நடுவில் எங்கே காத்துக் கிடந்தது என்று நீங்களும் நண்பரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். வேலை செய்யப்பட்ட நேரத்தைவிட வேலை காத்திருந்த நேரம்தான் உங்களுக்குப் பதில் சொல்லும். முன்னறிவிப்பின்றி வந்து விழும் வேலைகளை ஒருவரே கவனிக்கும் இடத்தில், வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு வேலைக்குச் சராசரியாக அரை நாள் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நேரத்தில் 80 சதவீதம் நிறைந்திருந்தால் ஒரு டிக்கெட் சராசரியாக 2 நாள் காத்திருக்கும். 90 சதவீதமானால் நாலரை நாள். 95 சதவீதமானால் ஒன்பதரை நாள். எல்லாரும் எப்போதும் வேலையில் மூழ்கியிருப்பதைத் திறமையான நிர்வாகம் என்று பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த நிலையில்தான் வாடிக்கையாளர் இரண்டு வாரம் காத்திருக்கிறார்.

தேங்கும் இடம் தெரிந்துவிட்டால் மருந்தும் தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, எழுதி முடித்த கோடு அந்த மூத்தவர்கள் இருவரின் ரிவ்யூவுக்காக (படித்துச் சரிபார்ப்பதற்காக) காத்திருக்கிறது என்றே ஊகிக்கிறேன். அது உண்மையானால், புதிதாக எழுதுபவர்கள் நால்வர் வந்தாலும் அந்த வாசலில் நிற்கும் வரிசைதான் நீளும். ரிவ்யூ செய்யும் பொறுப்பை மற்ற நால்வரில் இருவருக்காவது இப்போதே பகிர்ந்து கொடுங்கள். தொடக்கத்தில் சில பிழைகள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை பொறியாளர்களின் நாள், “சலான் பிரிண்ட் ஆகவில்லை”, “ஸ்டாக் ஒத்துப்போகவில்லை” என்ற அழைப்புகளால் துண்டுதுண்டாகிறது என்றால், உங்களுக்குத் தேவைப்படுபவர் பொறியாளரே அல்லர். பனியன் கம்பெனியில் ஸ்டோரிலோ மெர்ச்சண்டைசிங்கிலோ வேலை பார்த்த, ப்ராசஸ் லாஸ் (டையிங் போன்ற வேலைகளில் துணி இழக்கும் எடை) என்றால் என்னவென்று விளக்கம் கேட்காத ஒரு சப்போர்ட் ஆள். வாடிக்கையாளர் விவரம் தராததால் நிற்கும் வேலைகளுக்கோ எவரை எடுத்தும் பயனில்லை.

அடுத்ததாக, இந்தத் தேக்கம் வந்து போகும் வெள்ளமா, உயர்ந்தே நிற்கப்போகும் நீர்மட்டமா என்று பாருங்கள். இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் மின்னணு முறையில் பதிவது) கட்டாயம் 2022 அக்டோபரில் 10 கோடி ரூபாய் விற்றுமுதலுக்கும், 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கும் இறங்கியபோது உங்களுக்கும் சில மாதங்கள் மூச்சுவிட நேரமிருந்திருக்காது. அப்படிப்பட்ட வேலைக்கு நிரந்தரமாக ஆள் எடுக்கக் கூடாது. மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துச் சமாளிக்க வேண்டும். வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறி, அதனாலேயே மூன்று மாதங்களாகக் காத்திருப்பு மாதாமாதம் கூடிவந்தால், அது நீர்மட்டம். அப்போது தயங்காதீர்கள்.

முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளுக்கு மாதம் 50,000 ரூபாய் என்றாலும், 10 லட்சம் நான்கு பேருக்கு ஐந்து மாதச் சம்பளம்தான். இந்த வாடிக்கையாளர் நாளை விலகினாலும் புதியவருக்கு ஓராண்டு சம்பளம் தரமுடியுமா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிகிற எண்ணிக்கையே நீங்கள் எடுக்கக்கூடிய எண்ணிக்கை. தவிர, எட்டுப் பேர் பன்னிரண்டு பேராகும்போது பத்து என்ற வரம்பைத் தாண்டுகிறீர்கள். பணிக்கொடை (கிராஜுவிட்டி) தரும் கடமையும், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்கும் கடமையும் வந்துசேரும். ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரே ஓர் ஆளை நீங்கள் இப்போதே தேடத் தொடங்க வேண்டும் என்பேன். காரணம் அந்த மூத்தவர்கள் இருவர். முழு மென்பொருளும் அவர்கள் மனத்தில்தான் இருக்கிறது என்றால், தினமும் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் ஒருவர் எத்தனை நாள் தாங்குவார்? அவர் ராஜினாமா கொடுக்கும் நாளில் உங்கள் கையில் இருக்கப்போவது அவருடைய நோட்டீஸ் காலம் மட்டுமே. ஐந்தாறு ஆண்டு அனுபவமுள்ள ஒருவரை, அந்த இருவரின் பொறுப்பில் ஒரு பகுதியை முழுதாக ஏற்பதற்காக எடுங்கள். புதிய மாட்யூலில் அவரை இறக்காதீர்கள். ஃப்ரெஷர்களை எடுக்க ஆசை இருந்தால், கற்றுத்தர ஒருவருக்கு நாளில் இரண்டு மணி நேரமாவது மிச்சமாகும் காலம் வரை காத்திருங்கள். கற்றுத்தர ஆளில்லாத இடத்தில் ஓர் இளைஞரின் முதல் வேலை வீணாவது எனக்குச் சம்மதமில்லை.

மாட்யூலை முடிக்க இருப்பவர்களே போதும், அளவைக் குறைத்தால். இந்த வாரமே திருப்பூருக்கு நேரில் போய் அந்த வாடிக்கையாளரைச் சந்தியுங்கள். டையிங்குக்குப் போன எடை, திரும்பி வந்த எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சலான் வாரியாக: இவ்வளவும் நான்கு மாதங்களில் கைக்கு வரும், பிரிண்டிங்கும் ஜாப் ஒர்க் பில் சரிபார்ப்பும் அதற்கடுத்த மூன்று மாதங்களில் வரும் என்று எழுத்தில் கொடுத்து, அவருடைய ஸ்டோர் மேனேஜரையும் உடன் உட்காரவைத்து, எது முதலில் வேண்டும் என்று கேளுங்கள். நண்பரையும் அழைத்துச் செல்லுங்கள். நால்வர் வேண்டும் என்ற அவருடைய கணக்கு அந்த மேசையிலேயே மாறக்கூடும்.