பன்னிரண்டாம் வகுப்போடு சேர்த்து நீட் தேர்வுக்கு எப்படித் திட்டமிட்டுப் படிப்பது?

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியிருப்பதாகவும், வரும் மே மாதம் நீட் எழுதவிருப்பதாகவும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தால் போதும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே வழியில் வந்தவன்தான். 2023இல் மணிக்கணக்கை மட்டும் நம்பித் திட்டம் போட்டுக் கோட்டை விட்டேன். 2024இல் இரண்டாவது முறை எழுதி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இடம் பெற்றேன்.

முதல் ஆண்டில் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தேன். காலை ஐந்து மணிக்கு இயற்பியல், மாலையில் உயிரியல், இரவில் வேதியியல் என்று எழுதி, முடித்த கட்டங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். ஏப்ரலில் அட்டவணை முழுவதும் அடிபட்டிருந்தது. மாதிரித் தேர்வு மதிப்பெண் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பதற்குத்தான் அந்த அட்டவணை சாட்சியே தவிர, எனக்கு என்ன தெரியவில்லை என்பதை அது ஒரு நாளும் சொல்லவில்லை.

இரண்டாம் ஆண்டில் செய்த முக்கியமான மாற்றம் ஒரு பிழை நோட்டு. எந்தத் தேர்வு எழுதினாலும், தவறிய ஒவ்வொரு வினாவையும் அதில் குறித்து, பக்கத்தில் 'தெரியாது', 'மறந்தது', 'வினாவைச் சரியாகப் படிக்கவில்லை' என்ற மூன்றில் ஒன்றை எழுதுவேன். சில வாரங்கள் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது, மூன்றாவது வகைதான் அதிகம் என்று தெரிந்து எனக்கே வெட்கமாக இருந்தது. 'தவறான கூற்று எது' என்று கேட்டிருந்தால் சரியான கூற்றைத் தேர்ந்தெடுத்திருப்பேன். ஒளியியல் கணக்கில் குவியத் தொலைவைச் சென்டிமீட்டரிலேயே வைத்துக்கொண்டு திறனை டயாப்டரில் கண்டுபிடித்திருப்பேன். இவற்றுக்கு மருந்து இன்னொரு முறை பாடத்தைப் படிப்பது அல்ல. 'தவறான' என்ற சொல்லைக் கண்டதும் அடிக்கோடிடும் பழக்கமும், அலகை மாற்றிய பிறகே சமன்பாட்டில் எண்ணைப் போடும் பழக்கமும்தான். அதன் பிறகு என் வாரத் திட்டம் இந்த நோட்டிலிருந்துதான் பிறந்தது: 'தெரியாது' என்று குறித்த பாடங்களுக்குக் காலை நேரம், 'மறந்தது' என்றவற்றுக்கு இரவில் அரை மணி நேரம்.

எதைப் படிக்க வேண்டாம் என்பதையும் முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். 2024 தேர்வுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தைக் குறைத்தபோது திடநிலைமை, புறப்பரப்பு வேதியியல், செரித்தல், தாவரங்களில் கடத்துமுறைகள் போன்ற பாடங்கள் நீங்கின. நம் மாநிலப் பாடநூலிலோ திடநிலைமை இருக்கிறது. பொதுத்தேர்வுக்கு அதைப் படித்தே ஆக வேண்டும், நீட்டுக்காக அதில் ஒரு மணி நேரம்கூடச் செலவிட வேண்டியதில்லை. பழைய வழிகாட்டி நூலை இரவல் வாங்கிய நான், பாடத்திட்டத்தைப் பார்க்காமல் அதிலேயே பல நாட்களைத் தொலைத்தேன். மறுபுறம், வெர்னியர் அளவி, திருகு அளவி போன்ற செய்முறை சார்ந்த பகுதி இயற்பியலில் தனி அலகாகவே சேர்ந்தது. ஆகவே உங்கள் ஆண்டுக்கான பாடத்திட்டத்தை அச்செடுத்து, மாநிலப் பாடநூலின் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டு, பொதுவானவை எவை, ஒன்றுக்கு மட்டும் உரியவை எவை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்கு நடந்தது. வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வினாவின் பொருளில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது தேர்வு விதி. எனவே தமிழ்க் கலைச்சொல்லுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழகுங்கள். உயிரியலுக்கு மட்டுமாவது மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலை ஆங்கிலத்திலேயே பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பல வினாக்கள் அதன் வரிகளை ஒட்டியே வருகின்றன. முதல் இரண்டு மாதம் நத்தை வேகத்தில்தான் நகரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதியபோது 200 வினாக்களில் 180க்கு விடையளித்தால் போதும். 2025இல் அந்தச் சலுகை நீங்கி, 180 வினாக்களுக்கு 180 நிமிடம் என்று ஆனது. உயிரியலின் 90 வினாக்களை முதலில் 50 நிமிடத்துக்குள் முடித்து, வேதியியலுக்கு 45, இயற்பியலுக்கு 65 என்று ஒதுக்கினால் 20 நிமிடம் மிஞ்சும். ஆனால் விடை வட்டங்களைக் கறுப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாளை அந்த 20 நிமிடத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். முதல் முறை நான் அப்படிச் செய்து, வேதியியலில் விடாமல் எழுதியதாக நினைத்த ஒரு வினாவை விட்டிருந்ததால், அடுத்தடுத்த ஐந்து விடைகளை ஒரு வரிசை தள்ளிக் கறுப்பாக்கினேன். பேனா மையை அழிக்க முடியாது. ஒரு பக்கம் முடிந்தால் அந்தப் பக்கத்தின் வட்டங்களை உடனே நிரப்பிவிடுவதே நல்லது. சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு என்பதால், இரண்டு விருப்பங்களை உறுதியாக நீக்க முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம்.

உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். டிசம்பர் வரை, பள்ளி நாட்களில் வீட்டில் நான்கு மணி நேரமே எனக்குச் சாத்தியமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரித் தேர்வும், மாலையில் பிழை நோட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் முடியும்வரை பொதுத்தேர்வுக்கே முதலிடம் கொடுங்கள், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் நீட் வினாக்களைத் தொடுங்கள். பொதுத்தேர்வு முடிந்தபின் கிடைக்கும் ஏறக்குறைய ஐந்து வாரங்களில் புதிய பாடம் எதையும் தொடங்காமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முழுத் தேர்வு எழுதுங்கள். அதையும் பிற்பகல் இரண்டு மணிக்கே தொடங்குங்கள். உண்மைத் தேர்வும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. மதியச் சோறு உண்டபின் ஏப்ரல் வெயிலில் கண்ணைச் சுழற்றும் தூக்கத்தோடு இயற்பியல் கணக்குப் போட உடம்பு பழக எனக்கு மூன்று வாரம் பிடித்தது.