‘பணியால் வந்த நோய் இல்லை’ என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டால் ராணுவ டிஸெபிலிட்டி பென்ஷன் (ஊன ஓய்வூதியம்) கிடைக்காதா?

உங்கள் சித்தப்பா 7 வருட சர்வீஸில் வலிப்பு வந்து 2004-ல் போர்டு அவுட் ஆனார் (மெடிக்கல் போர்டு தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பியது), பென்ஷன் இல்லை, வேலைக்கும் போக முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். என் அப்பா கதையும் ஏறக்குறைய இதேதான்.

அப்பாவும் வலிப்பால் 1997-ல் எட்டு வருட சர்வீஸோடு பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தார். வேலூர் பக்கத்தில் எங்கள் ஊரில் பட்டாளத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வங்கிக் காவலுக்கோ டிரைவர் வேலைக்கோதான் போவார்கள். வலிப்பு உள்ளவர் கையில் துப்பாக்கியையோ ஸ்டியரிங்கையோ யார் கொடுப்பார்கள்? அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். போர்டு தாளில் ஒரே வரி: நோய் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது. அதையே முடிந்த முடிவு என்று அப்பா 18 வருடம் நம்பியிருந்தார்.

தரம்வீர் சிங் வழக்கை அப்புறம்தான் படித்தேன். 1985-ல் சிக்னல் பிரிவில் சேர்ந்த சிப்பாய், 9 வருடம் கழித்து வலிப்பால் 20% ஊனம் என்று அனுப்பப்பட்டவர். பட்டாளத்தில் சேரும்போது நோய் பதிவாகவில்லை என்றால், பின்னால் வந்தது பணியால் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும். பணியால் வரவில்லை என்று சொன்னால் போர்டு அதற்குக் காரணம் எழுத வேண்டும். நிரூபிக்கும் பாரம் வீரர் மேல் இல்லை. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்த வழக்கில் பார்த்தது டிஸெபிலிட்டி பென்ஷனுக்கான 1982 விதிகளை. சித்தப்பாவுக்கும் அதே விதிகள்தான். (2008-லும் 2023-லும் விதிகள் மாறின, அதற்குப் பின் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் தனியாகப் பார்க்க வேண்டும்.)

வேலை செய்ய முடியவில்லை என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். நோய்க்கும் பணிக்கும் தொடர்பு உண்டா, ஊனம் 20% ஆவது இருக்கிறதா, இவைதான் கேள்வி. நோயால் அனுப்பப்பட்டவருக்கு 20% என்பதை 50% ஆக உயர்த்திக் கணக்கிடுவார்கள்.

தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். தர்செம் சிங் என்ற இன்னொரு வீரர் நோயால் 1983-ல் அனுப்பப்பட்டு 1999-ல்தான் நீதிமன்றம் போனார். அவருக்குப் பென்ஷன் உரிமை போகவில்லை. ஆனால் நிலுவை, வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 வருடத்துக்கு மட்டும் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் முடித்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் கிடைத்தது. அம்மா பீடி சுற்றிய மற்ற வருடங்களுக்கு ஒரு பைசா வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்த மாதமே ஆரம்பியுங்கள்.

முதலில் போர்டு நடவடிக்கை நகலையும் சேர்க்கையின்போது எழுதிய மருத்துவத் தாளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்டு ஆபீஸிடம் (வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம்) கேளுங்கள். கடிதம் எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். பென்ஷன் மறுத்ததை எதிர்த்து ராணுவத்துக்கு எழுதும் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மறுப்பு வந்தால் படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. நாங்களும் அங்கேதான் போனோம்.

போர்டு தாளில் காரணம் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். மனுவில் எதை வாதாடுவது என்பது அதைப் பொறுத்துத்தான்.