தேத்தண்ணிக்கு முன்னால் ஒரு வாய்

போன மாதப் பதில் ஒன்றில், "வெறும் வயிற்றில் கெட்டித் தேத்தண்ணி வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் கோபமாகவே எழுதியிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்கத் தேத்தண்ணியைப் பற்றியே பேசிவிடுவோம்.

கேள்வி: மிஸ்ஸி அக்கா, எனக்கு 46 வயது. விடியற்காலை 5 மணிக்கு எழுந்து தேத்தண்ணி குடித்தால்தான் எனக்குக் கண்ணே திறக்கும். தூளை அடுப்பிலேயே கொதிக்க விட்டு, டின் பால் ஊற்றிக் கெட்டியாகப் போடுவேன். ஒரு வருஷமாக, குடித்த கால் மணி நேரத்தில் நெஞ்சுக்குழி காந்துகிறது, குமட்டலும் வருகிறது. கேஸ்டிரிக் என்று சொல்லிக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். மகள் தேத்தண்ணியை அடியோடு விடச் சொல்கிறாள். 30 வருஷப் பழக்கத்தை எப்படி அக்கா விடுவது?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: விட வேண்டாம் தங்கச்சி. மகள் அக்கறையில் சொல்கிறாள், தப்பில்லை. ஆனால் முதலில் நீங்கள் குடிக்கும் நேரத்தையும் போடும் விதத்தையும் மாற்றிப் பார்க்கலாம்.

நான் தேத்தண்ணிக் கடையில் வளர்ந்தவள். எங்கள் அப்பா பினாங்கு ஜார்ஜ் டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒட்டுக்கடை வைத்திருந்தார். காலை 4 மணிக்கெல்லாம் பாய்லரைப் பற்றவைத்துவிடுவார். முதலில் வருகிறவர்கள் மூட்டை தூக்கும் ஆட்கள். வந்து உட்கார்ந்தவுடன் அவர்களுக்குத் தேத்தண்ணியைக் கொடுக்க மாட்டார். ஒரு டம்ளர் வெந்நீர், ஒரு சின்னத் தட்டில் இரண்டு பிஸ்கட் கெரிங், அதுதான் முதலில் மேசைக்குப் போகும். "வயித்துல ஒரு வாய் விழட்டும்பா" என்பார். அவர்கள் கடித்து மெல்ல ஆரம்பித்த பிறகுதான் கிளாஸை எடுப்பார். அந்த பிஸ்கட்டுக்கு அவர் காசு வாங்கி நான் பார்த்ததில்லை.

அதற்கான காரணத்தைப் பின்னாளில் நர்ஸ் பயிற்சிக்குப் போனபோதுதான் படித்தேன். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுப் படுத்தால், காலை 5 மணிக்கு வயிறு காலியாகத்தான் இருக்கும். தேத்தண்ணியில் உள்ள காஃபின் அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். அதோடு உணவுக்குழாயின் அடியில் இருக்கிற வளையத் தசையையும் கொஞ்சம் தளர்த்தும். அமிலம் அந்த வழியாக மேலே ஏறும்போதுதான் நெஞ்சு காந்துகிறது. குமட்டலுக்குப் பெரும்பாலும் காரணம் டானின். கெட்டித் தேத்தண்ணி குடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிற மாதிரி ஒரு துவர்ப்பு இருக்குமே, அதுதான். சாப்பாடு இருந்தால் டானின் அதோடு ஒட்டிக்கொள்ளும். வயிறு காலியாக இருந்தால் சிலருக்கு நேராக வயிற்றைப் பிசையும்.

"பால் ஊற்றித்தானே குடிக்கிறேன்" என்று கேட்பீர்கள். பாலில் உள்ள புரதம் டானினைப் பிடித்து வைக்கும், அது உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டு டின்னைத் திருப்பி லேபிளைப் படித்துப் பாருங்கள். 'கிரிமர் மானிஸ்' என்று போட்டிருந்தால் அதில் பாலைவிடச் சர்க்கரையும் செம்பனை எண்ணெயும்தான் அதிகம். புரதம் கொஞ்சம்தான். ருசி தரும், வயிற்றுக்குக் காவல் என்று நம்ப முடியாது.

இப்படிச் செய்து பாருங்கள். எழுந்தவுடன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர். அப்புறம் இரண்டு பிஸ்கட்டோ, ஒரு வாழைப்பழமோ, ராத்திரி மிச்சமிருக்கிற ஓர் இட்லியோ. கால் மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி. தூளை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் தூளைப் போட்டு மூடி, 3 நிமிஷத்தில் வடிகட்டிவிடுங்கள். நிறமும் மணமும் அதற்குள் இறங்கிவிடும். அதற்கு மேல் ஊற ஊற இறங்குவது பெரும்பாலும் துவர்ப்புதான். அப்பா கடையில் வடிதுணிப் பை ஒரு நீளமான தகரக் குவளைக்குள் தொங்கும். துணி நாள்பட்டுக் கருஞ்சிவப்பாக ஏறியிருக்கும். காலை 10 மணிக்கு வருகிறவருக்கு 7 மணிச் சாற்றை ஊற்ற மாட்டார். பையை உதறிக் கழுவிவிட்டு, புதுத் தூள் போட்டுத்தான் கொடுப்பார். ஊறிக் கிடந்த சாற்றைக் குடித்தவர் மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் வாரம், முன்னால் ஒரு வாய் சாப்பிடுவது மட்டும். அதில் குறையவில்லை என்றால் அடுத்த வாரம் தூளைக் குறையுங்கள். பிறகு பாலை மாற்றுங்கள். அப்போதுதான் எது உங்களுக்கு ஆகவில்லை என்று பிடிபடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வருஷமாகத் தினமும் காந்தல் என்றால் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டு இருக்கிற கட்டம் தாண்டிவிட்டது. நம் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் கேஸ்டிரிக் என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். நான் பயிற்சியில் இருந்த 1980களின் தொடக்கத்தில் எங்களுக்கும் காரமும் கவலையும்தான் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரண்டு டாக்டர்கள், ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமிதான் பல புண்களுக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்றழற்சி வரவைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இந்தக் கிருமி அதிகம் என்று இங்கே நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். கிருமி இருந்தால் ஒன்று அல்லது இரண்டு வாரம் மருந்து சாப்பிட வேண்டும். பரிசோதனைக்குப் போகுமுன், அமிலத்தைக் குறைக்கிற ஓமெப்ரசோல் மாதிரி மாத்திரைகளை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருப்பதையும் இல்லை என்று காட்டும். ஆகவே நீங்கள் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் பதிய ஒரு ரிங்கிட்தான். இந்த வாரமே போங்கள்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறேன், வயது 33. காலை ஷிஃப்டுக்கு 5.45க்கு பஸ். பஸ் ஏறும் இடத்தில், பால் ஊற்றி இழுத்து ஆற்றிய தே தாரேக் ஒன்று குடிப்பேன். எனக்கு நெஞ்செரிச்சல் கிடையாது. ஆனால் பினாங்குப் பாலத்துக்கு வருவதற்குள் வயிறு உப்பி, கடமுடா என்று சத்தம் போட்டு, டாய்லெட் எங்கே என்று தவிக்கிறேன். பால் ஊற்றாத தே ஓ குடிக்கும் நாளில் ஒன்றும் ஆவதில்லை. சாப்பிட்டுவிட்டுக் குடித்தாலும் இதே கதைதான்.
— வாசகர், பிறை

பதில்: தம்பி, விடையைக் கடைசி இரண்டு வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். தேயிலை ஆகாதவராக இருந்தால் தே ஓவும் உங்களைப் படுத்தியிருக்கும். இது பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையால் வருவது மாதிரி தெரிகிறது. குழந்தையாக இருக்கும்போது அதைச் செரிக்க வைக்கும் நொதி நிறைய இருக்கும், வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். ஆசியாவில் இது மிகவும் சாதாரணம். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் காற்றாகிறது, தண்ணீரையும் இழுக்கிறது. அரை மணியிலிருந்து 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். உங்களுக்குப் பாலத்தில் ஆரம்பிப்பது அதனால்தான்.

2 வாரம் பாலே இல்லாமல் இருந்து பாருங்கள். மைலோவில் ஊற்றுகிற டின் பால், ஐஸ் கச்சாங் மேல் ஊற்றுகிற பால் எல்லாம் கணக்கில் சேரும். தே சி கேட்டாலும் தப்பிக்க முடியாது, அதுவும் சுண்டவைத்த பால்தான். தயிரை மட்டும் பலருக்கு வயிறு ஏற்றுக்கொள்ளும், தயிராகும்போதே கொஞ்சம் லாக்டோஸ் கழிந்துவிடுகிறது. உபாதை நின்றுவிட்டால், லாக்டோஸ் நீக்கிய பால் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கிறது, வீட்டில் போடும்போது அதை ஊற்றிக்கொள்ளுங்கள். கடையில் தே ஓ, கூராங் மானிஸ் (இனிப்பு குறைவாக). பால் இல்லாமலும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றாலோ, எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. காலையில் தைராய்டு மாத்திரை, ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை, மூட்டு வலி மாத்திரை மூன்றையும் ஒரே மடக்குத் தேத்தண்ணியில் விழுங்கிவிடுகிறார். வயிறு எரிகிறது என்கிறார். ரத்தமும் ஏறவே இல்லை. தண்ணீரில் போடச் சொன்னால் கேட்பதில்லை.
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு மனசு பதறிவிட்டது அம்மா. மூன்றிலும் மூன்று விதமான கெடுதல் இருக்கிறது.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணீரில் மட்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணியும் பசியாறலும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் 4 மணி நேரம் இருக்க வேண்டும், ஒன்று மற்றதைப் பிடித்துக்கொள்ளும். தேயிலையின் டானினும் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரை போட்டும் ரத்தம் ஏறாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதை மத்தியானத்துக்குத் தள்ளி, தேத்தண்ணியை அதிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளியே வையுங்கள்.

எனக்குப் பெரிய கவலை அந்த வலி மாத்திரை. வார்டில் இருந்தபோது ஒரு பாட்டியை ராத்திரி கொண்டு வந்தார்கள். கை சில்லிட்டு, உள்ளங்கை வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தது. 2 நாளாகத் தார் மாதிரிக் கருப்பாக மலம் போயிருக்கிறது, இரும்பு மாத்திரையால் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும்தான். ஆனால் பிசுபிசு என்று ஒட்டி, தனி நாற்றத்தோடு போனால் அது வயிற்றில் கசியும் ரத்தம். பாட்டி மாதக்கணக்கில் வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டிருந்தார். பிழைத்துக்கொண்டார், ஆனால் 3 பை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

ஆகவே மாமியாரின் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, டாக்டரிடமோ கிளினிக் ஃபார்மசியிலோ காட்டுங்கள். வயிறு எரிகிறது, ரத்தம் ஏறவில்லை என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த வலி மாத்திரை அவருக்குத் தேவைதானா என்றும் கேளுங்கள். "தேத்தண்ணி வேண்டாம்" என்று சொன்னால் அவர் கேட்க மாட்டார். "அத்தை, இந்தத் தண்ணியில தைராய்டு மாத்திரைய மட்டும் போடுங்க, சாமி கும்பிட்டுட்டு வாங்க, சூடா தேத்தண்ணி போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். விளக்கேற்றிக் கும்பிட்டு வருவதற்குள் அரை மணி ஓடிவிடும்.

கேள்வி: இஞ்சி, புதினா, எலுமிச்சை இதில் எதைப் போட்டால் வயிற்றுக்கு நல்லது?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: குமட்டலுக்கு இஞ்சி. ஒரு சின்னத் துண்டைத் தட்டிப் போட்டால் போதும், அதிகமானால் அதுவே காந்தும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா ஆகாது, நான் முன்னால் சொன்ன வளையத் தசையை அதுவும் தளர்த்தும். எலுமிச்சை புளிப்பு, காந்தல் இருக்கிறவர்கள் தொட வேண்டாம்.

கேள்வி: என் மாமாவுக்குத் தேத்தண்ணி ஆவி பறக்க வாயில் விட்டால்தான் திருப்தி. தொண்டை எரிகிறது என்று அவரே சொல்கிறார், அப்புறமும் அப்படியேதான் குடிக்கிறார். கெடுதலா?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: கெடுதல்தான். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாயில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் அறிவித்தது. அது தேயிலையின் குற்றம் இல்லை, சூட்டின் குற்றம். சோறு விழுங்கும்போது தொண்டையில் அடைக்கிறது என்று மாமா சொன்னால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மற்றபடி வழி நம் கையிலேயே இருக்கிறது. அப்பா கடையில் ஒரு குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொன்றை இடுப்புக்குக் கீழே பிடித்து, கயிறு மாதிரி நீளமாக 4 தடவை இழுத்து ஆற்றுவார். கடைசி இழுப்பில் நுரை கிளாஸ் விளிம்பு வரை எழும்பி நிற்கும். கையில் கிளாஸைப் பிடித்தால் சுடும், வாயில் விட்டால் சுடாது. உங்கள் மாமாவுக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள். பெரிய டம்ளர் இரண்டை அவர் கையில் கொடுத்து, கொல்லைப்புறத்தில் நின்று அவரையே ஆற்றச் சொல்லுங்கள்.