பட்டறைக்காரர் பதில்கள்: தோள் முறிந்த ரோபோ

கேள்வி: லொறியாக மாறும் ரோபோ ஒன்றைத் தம்பி கொழும்பிலிருந்து மகனுக்கு வாங்கி வந்தான். மாதம் முடியமுன் ஒரு தோள் முறிந்துவிட்டது. "முரட்டுப் பிள்ளை" என்று இவர் அவனை ஏசுகிறார். படங்கள் அனுப்பியிருக்கிறேன். பிழை யாரில், ஐயா?
– ஒரு தாய், உவர்மலை

பதில்: தங்கச்சி, முறியாத தோளின் படத்தை அவருக்குப் பெரிதாக்கிக் காட்டுங்கள். கம்பி போகும் துளையைச் சுற்றி வெள்ளையாக வெளிறியிருக்கிறது. இப்படியான பொம்மைகளை வார்க்கும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் அளவுக்கு மீறி இழுபட்டால் அப்படித்தான் வெளிறும். முறிந்த தோளிலும் அதே இடம், அதே வெளிறல். பிள்ளையின் முரட்டுத்தனம் இரண்டு பக்கமும் அளந்து வைத்ததுபோல் ஒரே புள்ளியிலா விழும்?

பிழை வடிவமைப்பில். லொறியின் கதவையும் கூரையில் பாதியையும் கையிலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். மடிக்கும்போது அந்த நீளப் பலகைதான் பிடிக்க வசதி, எவரும் அதில்தான் பிடிப்பார்கள். அது நெம்புகோலாகி முழு விசையையும் தோளுக்கு அனுப்புகிறது. தோளில் இருப்பதோ மெல்லிய சுவர். கம்பி கழன்று வராமலிருக்கத் துளையைக் கம்பியைவிடச் சற்றுச் சிறிதாக வைப்பார்கள். ஆகவே சும்மா இருக்கும்போதே அந்தச் சுவர் இழுபட்டுத்தான் இருக்கிறது. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் என்றால் இன்னும் மோசம், துளையிலிருந்தே கீறல் ஓடும்.

இந்த இடத்தில் பந்துமூட்டு போட்டிருக்கலாம். அளவுக்கு மீறி இழுத்தால் கை கழன்று விழும், திரும்ப அமுக்கினால் சரி. கழலத் தெரியாத மூட்டு முறியத்தான் செய்யும். அப்புறம், லொறியின் முன்பக்கம் முழுவதையும் முதுகில் சுமக்கவைத்துவிட்டுக் குதிக்கால் வைக்க மறந்திருக்கிறார்கள். பின்னால் சாய்ந்து சாய்ந்து விழுவதும் அந்தத் தோளில்தான்.

பெட்டியில் 8+ என்று இருந்து மகன் அதைவிடச் சின்னவன் என்றால், தம்பியையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

சுப்பர் குளூ மட்டும் பூசாதீர்கள். மூட்டுக்குள் ஓடி இறுகிவிடும், அதன் ஆவி பட்டுச் சுற்றிலும் வெள்ளை படியும். இரண்டு துண்டிலும் நுண்ணிய துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி ஒட்டினால் நிற்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக்காக இருந்தால் சாதாரணப் பசை பிடிக்காது, விட்டுவிடுங்கள். மற்றத் தோளின் கதவுப் பலகையைக் கழற்றி வைப்பது நல்லது. லொறிக்கு ஒரு கதவு குறையும், கை மிஞ்சும்.

கேள்வி: 1990களில் அண்ணன் கனடாவிலிருந்து அனுப்பிய தங்க நிற ரோபோவை அலுமாரியிலேயே வைத்திருந்தேன். போன கிழமை எடுத்து மடித்தபோது கால் பொடிந்து உதிர்ந்தது. கடற்காற்றா காரணம்?
– ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: கடற்காற்று திருகாணியையும் ஸ்பிரிங்கையும் துருப்பிடிக்க வைக்கும். பிளாஸ்டிக்கைப் பொடியாக்காது. 1980களின் கடைசியிலும் 1990களிலும் தங்க நிறத் துகள் கலந்து வார்த்த பிளாஸ்டிக்குக்கே உள்ள நோய் இது. சேகரிப்பவர்கள் 'கோல்ட் பிளாஸ்டிக் சிண்ட்ரோம்' என்பார்கள். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் வரும். ஒட்டினால் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் உடையும். மிச்சத்தை மடிக்கப் பார்க்காதீர்கள், ரோபோவாகவே சாய்த்து வையுங்கள். பற்றரி உள்ளே இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.